வேலையை விடாமல் கவுன்சிலராக இருப்பது: முதல் முறை வென்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாலை, பட்டாசு, வீடு வீடாகப் போய் நன்றி சொன்னது எல்லாம் முடிந்து, திங்கட்கிழமை காலை வழக்கம் போல வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. அப்படி வருகிறவர்களில் கடை வைத்திருப்பவர்கள், கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர்கள், தையல் மிஷினை நம்பிப் பிழைப்பவர்கள் என்று பலர் உண்டு. வார்டு, வீடு, பிழைப்பு மூன்றையும் ஐந்து வருஷம் சேர்த்து ஓட்ட வேண்டும். ஓட்ட முடியும். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதத்தில் என்ன பழக்கம் ஏற்படுத்துகிறீர்களோ அதுதான் கடைசி வரை நிற்கும்.

முதலில் பணக் கணக்கு

வென்ற சூட்டில் வேலையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து விடாதீர்கள். 2023 ஜூலை முதல் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500 என்று மதிப்பூதியம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பு இதுகூட இல்லாமல் கூட்டத்துக்கு வந்தால் படி என்ற அளவில்தான் இருந்தது. பேரூராட்சியில் கிடைக்கும் 2,500 பெட்ரோலுக்கும் போனுக்கும் சரியாகப் போய்விடும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது இதைவிடப் பெரியது. வருமானம் இல்லாத கவுன்சிலர் வீட்டு வாசலுக்கு ஒப்பந்ததாரர்கள் சீக்கிரம் வந்துவிடுவார்கள். சொந்தச் சம்பளம் கையில் இருந்தால் அவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்வது சுலபம். அடுத்த தேர்தலில் உங்கள் வார்டு இட ஒதுக்கீட்டில் மாறி, நீங்கள் நிற்க முடியாமலே போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது திரும்பிப் போக ஒரு வேலை வேண்டும்.

முதல் மாதத்தில் முடிக்க வேண்டியவை

தேர்தல் செலவுக் கணக்கை முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் மூன்று வருஷம் தகுதியிழப்பு வரை போகலாம். தோற்றவர்களுக்கும் இது பொருந்தும். வெற்றிக் கூட்டத்தில் மறந்துபோகிற முதல் விஷயம் இதுதான் என்பதால் இங்கே சொல்கிறேன்.

அடுத்து முதலாளியிடம் அல்லது மேலாளரிடம் பேசுங்கள். தனியார் வேலையில் மன்றக் கூட்டத்துக்கு விடுப்பு கிடைப்பது பெரும்பாலும் அவர் மனசைப் பொறுத்தது. அதனால் 'சார், அப்பப்ப கொஞ்சம் போக வேண்டியிருக்கும்' என்று பொதுவாகச் சொல்லி வைக்காதீர்கள். அப்படிச் சொன்னால், எப்போது கிளம்புவீர்களோ என்று அவருக்குத் தினமும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். எழுத்தில் கொடுங்கள்: மாதம் ஒரு மன்றக் கூட்டம், பெரும்பாலும் வேலைநாள் காலையில் வரும், கூட்டப் பொருள் கைக்கு வந்த அன்றே தேதியைச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பதிலாக இந்த ஷிப்ட் அல்லது இந்த ஞாயிறு வேலை பார்க்கிறேன். தேதியும் ஈடும் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வேலை ஒப்பந்தத்தில் வெளிப் பதவி பற்றி ஏதாவது விதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்பெனிக்கே உள்ளாட்சியில் ஏதாவது காரியம் இருந்தால், உதாரணமாக கட்டட அனுமதியோ டெண்டரோ, அந்தப் பொருள் மன்றத்துக்கு வரும் அன்று விவாதத்திலும் ஓட்டிலும் கலந்துகொள்ளாதீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். கவுன்சிலரும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளாட்சியோடு உங்களுக்கே ஒப்பந்தத் தொடர்பு இருந்தால் பதவியே போகும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடையை வார்டு அலுவலகமாக்கிவிடாதீர்கள். மனு கொடுக்க வந்தவர்கள் கல்லாவைச் சுற்றி நின்றால் சாமான் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வர மாட்டார்.

லீவை மழைக்கு வையுங்கள்

புதியவர்கள் சித்திரை, வைகாசியில் கல்யாணம், திருவிழா என்று லீவைத் தீர்த்துவிட்டு ஐப்பசியில் தவிக்கிறார்கள். வார்டு வேலைக்கு ஒரு வருஷக் கணக்கு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தேங்குவது, சாக்கடை பொங்குவது, காய்ச்சல், கொசு மருந்து எல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான். கோடையில் குடிநீர். மார்ச்சில் பட்ஜெட் கூட்டம். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் சொத்து வரி விசாரிப்பு வரும், ஏனென்றால் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

ஆகவே மொத்த லீவில் பாதியையாவது மழைக்காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவிப் பொறியாளரையோ மேஸ்திரியையோ வரச் சொல்லி வார்டில் உள்ள வடிகால் வாய்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அன்று மண் எடுக்க வைத்த இடத்திலிருந்து நவம்பர் ராத்திரி போன் வராது. உங்கள் தூக்கத்தையும் லீவையும் ஒரே நாளில் மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நேரத்தைச் சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் இருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரசாரத்தில் எல்லாரும் சொல்வது, 'எப்ப வேணாலும் கூப்பிடுங்க, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வருவேன்.' அதைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினீர்கள் என்றாலும் பரவாயில்லை, வென்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம். எந்நேரமும் கிடைப்பேன் என்றவர் உண்மையில் எந்த நேரமும் உருப்படியாகக் கிடைப்பதில்லை. வேலையில் இருக்கும்போது போனை எடுத்து 'பார்க்கிறேன்மா' என்று வைத்துவிடுகிறார், பிறகு மறந்துவிடுகிறார். சொன்னவருக்குக் கோபம், மேலாளருக்குக் கோபம், வீட்டில் சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போகிறது.

மாற்று இது. காலை ஆறரை முதல் ஏழரை வரை வார்டில் நடை. மாலை இரண்டு நாள் மட்டும், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஏழு முதல் எட்டரை வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து மனு வாங்குவது. ஞாயிறு காலை ஒரு தெரு. இவ்வளவுதான். நாலு இடத்தில் எழுதி ஒட்டுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அப்புறம் மழை பெய்தாலும் ஆள் வராவிட்டாலும் அந்த நேரத்தில் அங்கே இருங்கள். முதல் மூன்று வாரம் நேரம் தப்பித்தான் வருவார்கள். 'வெள்ளிக்கிழமை வாங்க, கண்டிப்பா இருப்பேன்' என்று சொல்லி, வெள்ளிக்கிழமை நிஜமாகவே இருந்துவிட்டால் நாலாவது வாரம் வார்டு பழகிவிடும். மக்கள் அலைவதற்கு அஞ்சுகிறார்களே தவிர, காத்திருப்பதற்கு அஞ்சுவதில்லை.

காலை நடையை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் வரும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், தூய்மைப் பணியாளர்கள் தெருவில் இருக்கும் நேரம் அது. பத்து மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் அரை மணி நேரம் பேசித் தெரிந்துகொள்வதை அந்த நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். வேலைக்குக் கிளம்பும் முன்பே பாதி வார்டு வேலை முடிந்த நிம்மதி கிடைக்கும்.

வார்டுக்கு என்று தனி சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் அது அமைதியில் இருக்கட்டும், மதியம் சாப்பாட்டு வேளையில் ஒரு முறை பாருங்கள். மின்கம்பி அறுந்து விழுந்தது, தீ, வெள்ளம் மாதிரி உயிர்ப் பிரச்சினைக்கு மட்டும் அழைக்க இன்னொரு எண்ணைத் தெருவுக்கு ஒரு பொறுப்பான ஆளிடம் கொடுத்து வையுங்கள். வார்டுக்குள் பகுதி வாரியாக மக்கள் கூடிப் பேசுவதற்கான பகுதி சபையின் உறுப்பினர்கள் இதற்குச் சரியான ஆட்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதல் முறையாக நடந்தன. கவுன்சிலர் தலைமையில் நடக்கும் அந்தக் கூட்டத்தைச் சடங்காக முடிக்காமல், தெருப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் இடமாக வைத்துக்கொண்டால் உங்கள் சுமை நிஜமாகவே குறையும்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

மனசில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தில் ஆறு பத்தி போடுங்கள்: தேதி, சொன்னவர், தெரு, என்ன பிரச்சினை, யாரிடம் சொன்னோம், முடிந்த தேதி. ஒரு வரி இப்படி இருக்கும்: '14ஆம் தேதி, பிள்ளையார் கோயில் தெரு, மூன்றாவது கம்பம், விளக்கு எரியவில்லை, கம்ப எண் குறித்தாயிற்று, மின்பணியாளரிடம் 15 காலை சொன்னது.' கம்ப எண் இல்லாமல் 'அந்தத் தெருவில் விளக்கு எரியலை' என்று சொன்னால் ஆள் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போவார், நீங்கள் மறுபடி போன் செய்ய வேண்டும். எண்ணோடு சொன்னால் ஒரு போனில் முடியும்.

இந்த நோட்டை வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை, ஒரே தடவையில், செயல் அலுவலரையோ ஆணையரையோ உதவிப் பொறியாளரையோ பாருங்கள். ஒவ்வொரு புகாருக்கும் தனித்தனியாகப் போகாதீர்கள். பேரூராட்சி அலுவலகத்துக்கு தினமும் போய் நிற்கிற கவுன்சிலரைவிட, வாரம் ஒரு நாள் பட்டியலோடு வருகிறவருக்கு அங்கே மதிப்பு அதிகம். மன்றத்தில் பேசும்போதும் அந்த நோட்டு கையில் இருந்தால் 'எத்தனை நாளாச்சு' என்று தேதியோடு கேட்கலாம். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எது நம் வேலை, எது இல்லை

வாசலுக்கு வரும் காரியங்களில் நிறைய உள்ளாட்சிக்கு உரியவை இல்லை. முதியோர் உதவித்தொகை (2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய்) வருவாய்த் துறை, வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்க்க வேண்டியது. ரேஷன் கார்டு வழங்கல் பிரிவு. பட்டா கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர். மின்தடைக்கு மின்னகம், 94987 94987. குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, சொத்து வரி, பிறப்பு இறப்புப் பதிவு நம் அலுவலகம்.

'அது என் வேலை இல்லை' என்று அனுப்பிவிடச் சொல்லவில்லை. ஒரு பாட்டி வந்து "ஏம்ப்பா, ரெண்டு மாசமா பணம் வரலையே" என்று நின்றால், அவரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போக அரை நாள் லீவு போட வேண்டியதில்லை, வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டியதில்லை. எந்த அலுவலகம், எந்த மேஜை, என்ன காகிதம் என்று ஒரு தாளில் எழுதி, ஆதாரும் பாஸ்புக்கும் நகல் எடுத்து இணைத்து, உங்கள் பரிந்துரைக் கடிதம் ஒன்றும் வைத்துக் கொடுங்கள். பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ கூடப் போவார்கள். ஊரில் படித்த இளைஞர்கள் இரண்டு பேர் வெள்ளிக்கிழமை மாலை உங்களோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கச் சம்மதித்தால் பாதிப் பாரம் இறங்கும். 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் புகார்ப் பிரிவுக்கு 1100 எண்ணில் தாங்களே புகார் கொடுக்கவும் மக்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் தயவு இல்லாமல் காரியம் முடிகிறதே என்று வருத்தப்படாதீர்கள், நல்லதுதான்.

வீடு

பதவி ஏற்கும் முன்பே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டிய சில விஷயங்கள் உண்டு. வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது? திண்ணை அல்லது வாசல் என்று முடிவு செய்யுங்கள், கூடத்துக்குள் வேண்டாம். பிள்ளைகள் வார்டு போனை எடுக்கக் கூடாது. தண்ணீர் வராத கோபத்தில் பேசுகிறவர் எதிரில் இருப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்று பார்க்க மாட்டார். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி, பழக்கூடை என்று எது வந்தாலும், நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டில் யாரும் வாங்கக் கூடாது. அப்பா, அம்மா, மாமியார் எல்லாருக்கும் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். பெரியவர்கள் மரியாதைக்காக வாங்கி வைத்துவிடுவார்கள், பிறகு திருப்பிக் கொடுப்பது பெரிய சங்கடம்.

இரவு எட்டரைக்கு மேல் வீட்டு நேரம். மன்றக் கூட்டம் எப்படி நாள்காட்டியில் குறிக்கப்படுகிறதோ அப்படியே பிள்ளையின் பெற்றோர் கூட்டம், அம்மாவின் மருத்துவமனைத் தேதி இவற்றையும் அதே நாள்காட்டியில் அதே மையில் குறியுங்கள். யாராவது அந்த நேரத்தைக் கேட்டால் 'அன்று ஒரு கூட்டம் இருக்கிறது' என்று சொல்லலாம். உண்மையும் அதுதான்.

பெண் கவுன்சிலர்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016இல் சட்டம் வந்தது. இடம் வந்தது, வீட்டு வேலை குறையவில்லை. காலையில் சமையல், பிறகு வேலை, மாலையில் மறுபடி சமையல், இடையில் வார்டு. இந்த நெருக்கடியில்தான் 'நீ வீட்டைப் பாரு, வார்டை நான் பார்த்துக்கிறேன்' என்று கணவர் வருகிறார். பாசத்தில் சொல்வதாகவே இருக்கட்டும், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு முறை அவர் உங்கள் இடத்தில் போய் நின்றுவிட்டால், அலுவலர்களும் ஒப்பந்ததாரர்களும் அதற்குப் பிறகு உங்களைக் கூப்பிட மாட்டார்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கும், அதற்கான பொறுப்பும் உங்கள் தலையில் இருக்கும்.

உதவ விரும்பும் கணவர் சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தையும் எடுத்துக்கொள்ளட்டும், வார்டு கோப்பைத் தொட வேண்டாம். சுவரொட்டியிலும் பலகையிலும் இருப்பது உங்கள் எண்ணாக இருக்கட்டும். கூட்டப் பொருளை முந்தின இரவே படித்து, புரியாததைக் குறித்துக்கொண்டு போங்கள். எழுதாத தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். இரவில் வெளியே போக வேண்டிய காரியம் என்றால் பக்கத்து வார்டுப் பெண் கவுன்சிலரோடு சேர்ந்து போகலாம். எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் துணைதான்.

கல்யாணம், காதுகுத்து, சாவு

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. கவுன்சிலரின் நேரத்தையும் பணத்தையும் அதிகம் தின்பது மன்றமும் இல்லை, மனுவும் இல்லை, பத்திரிகைகள்தான். ஒரு முகூர்த்த நாளில் நாலைந்து வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மொய் எழுத வேண்டும்.

என் யோசனை இது. சாவு வீட்டுக்குத் தவறாமல் போங்கள். நேரம் இல்லாவிட்டால் வேலைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிஷம் போதும், அன்று வராததை எந்தக் குடும்பமும் மறக்காது. கல்யாணத்துக்கு முந்தின மாலை வரவேற்பில் முகம் காட்டிவிட்டு, முகூர்த்தத்தை நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொய்க்கு ஒரே தொகை வையுங்கள், பணக்கார வீடோ ஏழை வீடோ, ஓட்டுப் போட்டவரோ போடாதவரோ. அந்தத் தொகையை நீங்கள் தனியாக முடிவு செய்யாதீர்கள், வீட்டு வரவு செலவைப் பார்ப்பவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். கோயில் நன்கொடைக்கும் வருஷத்துக்கு ஒரு வரம்பு. வரம்பு முடிந்துவிட்டால் 'இந்த வருஷத்துக்கு முடிஞ்சுதுங்க' என்று சொல்லிவிடலாம். இதற்காக வட்டிக்கு வாங்க ஆரம்பித்தால் அங்கிருந்து எல்லாம் சரியும்.

ஸ்டேஷனும் பஞ்சாயத்தும்

ராத்திரி வரும் போன்களில் பெரும்பாலும் இதுதான். புருஷன் பெண்டாட்டிச் சண்டை, பாகப் பிரிவினை, 'ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.' ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் தயங்காமல் போங்கள், 181 எண்ணையும் சொல்லுங்கள். யாரையோ அநியாயமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றாலும் போக வேண்டியதுதான். சொத்துத் தகராறில் மட்டும் நடுவராக உட்காராதீர்கள். இரண்டு பக்கமும் உங்கள் வாக்காளர்கள், முடிவில் இருவருமே உங்கள் மேல் வருத்தத்தோடு போவார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும், 15100 எண்ணில் கேட்கலாம் என்று வழிகாட்டுங்கள்.

கட்சி

கட்சிச் சார்பில் வென்றவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாரம் உண்டு: ஆர்ப்பாட்டம், பொதுக்கூட்டம், தலைவர் வருகை. நகரச் செயலாளரிடம் ஆரம்பத்திலேயே உங்கள் வேலை நேரத்தைச் சொல்லிவிடுங்கள். வேலைநாள் பகலில் வர முடியாது, மாலையிலும் ஞாயிறும் வருவேன் என்று. சொல்லாமல் தவிர்த்தால்தான் கோஷ்டி அரசியலாகப் பார்ப்பார்கள்.

ஊரில் இல்லாத நாட்கள்

வருஷத்தில் சில நாள் குடும்பத்தோடு வெளியூர் போங்கள். மழைக்காலம் மட்டும் வேண்டாம். கிளம்பும் முன்பு பக்கத்து வார்டு கவுன்சிலரிடம் சொல்லுங்கள், அவர் போகும்போது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கும் குடிநீர் விடுபவருக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போதும்: 'வியாழன் முதல் ஞாயிறு வரை ஊரில் இல்லை. அவசரத்துக்கு இன்னாரை அழைக்கவும். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு வழக்கமான இடத்தில் இருப்பேன்.' மன்றக் கூட்டத் தேதி குறுக்கே வருகிறதா என்று மட்டும் டிக்கெட் எடுக்கும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து கூட்டங்களுக்கு வராவிட்டால் பதவி பறிபோக வழி உண்டு.